ரூவாக்: எபிரெயத்திலும் அராமியத்திலும் ஒரு சொல்லின் பொருளைத் தேடும் முழுமையான வழிகாட்டி

பழைய ஏற்பாட்டில் ஆவி, காற்று, சுவாசம், மனம், திசை என்று தமிழில் தனித்தனியாக நிற்கும் பல இடங்களில் மூலத்தில் இருப்பது ஒரே சொல்: ரூவாக். எபிரெயப் பகுதிகளில் 378 முறையும், எபிரெயத்தின் உறவுமொழியான அராமியத்தில் உள்ள பகுதிகளில் 11 முறையும் வருகிறது.

பிரசங்கத்துக்கோ வேத ஆராய்ச்சிக்கோ இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு உட்காரும் புதியவர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது மொழி தெரியாததால் அல்ல. அகராதியை முதலில் திறக்கிறார்கள், பிடித்த பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள், அப்புறம் அதற்குப் பொருந்தும் வசனங்களைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை இதற்கு நேர் எதிர். வசனங்கள் முதலில், அகராதி கடைசியில். எபிரெயம் வாசிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் வேண்டும். ஒன்று வேதாகமச் சங்கத்தின் பழைய திருப்புதல், இன்னொன்று திருவிவிலியம். இரண்டும் வேறு வேறு சொல்லைப் போட்டிருக்கும் இடமே நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் என்பதால்தான் இரண்டு.

அடுத்து, ஸ்ட்ராங் எண்களோடு (மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட அடையாள எண்) மூலத்தைக் காட்டும் ஒரு கருவி. கேம்பிரிட்ஜில் உள்ள டிண்டேல் ஹவுஸ் உருவாக்கிய ஸ்டெப் பைபிள் என்ற இணையதளம் இலவசம், அதுவே போதும். ரூவாக்கின் எபிரெய எண் 7307, அராமிய எண் 7308.

ஓர் அகராதியும் தேவை. 1906இல் வந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் எட்டாம் படி வரை அதைத் திறக்காதீர்கள். மற்றவர் போட்ட பிரிவுகளைப் பார்த்துவிட்டால், வசனங்களை அந்தப் பிரிவுகளுக்குள் திணிக்கத்தான் மனம் போகும்.

கடைசியாக ஒரு நோட்டு. வசனம், மொழி, சொல்லோடு வரும் வினை, ஒட்டி நிற்கும் சொல், தமிழில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஐந்து கட்டம் போடுங்கள். பொருளுக்கு ஆறாவது கட்டம் விடுங்கள், ஆனால் இப்போது நிரப்ப வேண்டாம்.

2. எழுத்தைச் சரியாகப் பிடியுங்கள்

சொல்லில் மூன்று எழுத்துகள்: ரேஷ், வாவ், ஹேத். கடைசி ஹேத்தின் அடியில் ஓர் அகரக் குறி இருக்கும். எபிரெயத்தில் பொதுவாக மெய்க்குப் பிறகுதான் உயிர் ஒலிக்கும். ஆனால் சொல்லின் இறுதியில் ஹேத் இப்படி நிற்கும்போது அந்த அகரம் மெய்க்கு முன்னால் ஒலிக்கும். அதனால் 'ரூஹா' அல்ல, 'ரூ-அக்'. கடைசி ஒலி தொண்டையிலிருந்து வரும், நம் க்-க்கும் ஹ்-க்கும் நடுவில்.

இது வெறும் உச்சரிப்புப் பிரச்சினை இல்லை. 'ரூஹா' என்று வாயில் பழகிவிட்டால், அராமியத்தில் உண்மையிலேயே 'ரூஹா' என்ற வடிவம் வரும்போது வேறுபாடு காதில் விழாது. அதை நான்காம் படியில் பார்ப்போம்.

உயிர்க்குறி இல்லாமல் மூன்று மெய்யெழுத்துகளை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அதே எழுத்துகளில் 'ரெவாக்' என்ற வேறு சொல்லும் உண்டு. இடைவெளி, நிம்மதி என்று பொருள். ஆதியாகமம் 32:16இல் மந்தைக்கும் மந்தைக்கும் நடுவே விடும் இடம் அது. எஸ்தர் 4:14இல் யூதருக்கு வரும் என்று மொர்தெகாய் சொல்லும் சகாயமும் அதுவே. இவை உங்கள் பட்டியலுக்குள் வந்தால் கணக்கு கெடும். எண்ணை வைத்துத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

3. இரண்டு மொழிகளையும் பிரியுங்கள்

பழைய ஏற்பாட்டில் அராமியம் இருக்கும் இடங்கள் குறைவு. தானியேல் 2:4இன் நடுப்பகுதியிலிருந்து 7ஆம் அதிகாரத்தின் முடிவு வரை, எஸ்றா 4:8 முதல் 6:18 வரையும் 7:12 முதல் 26 வரையும், எரேமியா 10:11, அப்புறம் ஆதியாகமம் 31:47இல் லாபான் வைக்கும் பெயர். பழைய திருப்புதல் இந்த மொழியைச் 'சீரிய பாஷை' என்று சொல்லும். இன்றைய வழக்கில் சீரியம் என்றால் பிற்காலக் கிறிஸ்தவ சீரிய மொழி என்று நினைத்துவிடுவோம். இங்கே அது அராமியம்.

ஸ்ட்ராங் எண்ணுக்கு முன்னால் 'எச்' என்ற எழுத்து இருப்பதால் எல்லாமே எபிரெயம் என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அராமியச் சொற்களும் அதே எழுத்தோடுதான் எண்ணப்பட்டுள்ளன. 7307இல் நின்றுவிட்டால் அராமியத்தின் 11 இடங்களும் விடுபட்டுப் போகும்.

'தானியேல் புத்தகம் முழுவதும் அராமியம்' என்பது இன்னொரு தவறு. தானியேல் 2:1, 2:3, 8:8, 11:4 ஆகிய நான்கு இடங்களில் வரும் ரூவாக் எபிரெயச் சொல். அதே புத்தகத்தில் இரு மொழிகளிலும் இந்தச் சொல் இருப்பது நமக்கு நல்லது, ஒப்பிட வசதி.

வசன எண்களையும் இங்கேயே சரிசெய்யுங்கள். தமிழில் தானியேல் 4:8 என்பது மூலத்தில் 4:5. தமிழில் 6:3 என்பது மூலத்தில் 6:4. சங்கீதங்களில் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் 51:10 மூலத்தில் 51:12 ஆகிறது. இதைக் கவனிக்காதவர்கள் 'அந்த வசனத்தில் இந்தச் சொல்லே இல்லையே' என்று குழம்பி, பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் நான் தருவது தமிழ் எண்கள்.

4. அராமியத்தின் 11 இடங்களிலிருந்து தொடங்குங்கள்

எபிரெயம்தான் பெரிது, அதிலிருந்தே தொடங்குவோம் என்று தோன்றும். வேண்டாம். 11 இடங்களை ஒரே மூச்சில் முடிக்கலாம், ஒன்றுகூட விடாமல் பார்க்கலாம். முழுப் பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்ற பழக்கம் இங்கேதான் கைக்கு வரும்.

எல்லாமே தானியேலில்தான்: 2:35, 4:8, 4:9, 4:18, 5:11, 5:12, 5:14, 5:20, 6:3, 7:2, 7:15.

முதலில் வினையைப் பாருங்கள். 2:35இல் நொறுங்கிய சிலையின் துண்டுகளை அது அடித்துக்கொண்டு போகிறது. பக்கத்தில் கோடைகாலத்துக் களமும் பதரும் இருக்கின்றன. காற்று என்பதில் சந்தேகமே இல்லை. 7:2இல் வானத்தின் நான்கு ரூவாக் பெரிய சமுத்திரத்தைக் கலக்குகின்றன. அதுவும் காற்று.

அடுத்து, யாருடையது என்று பாருங்கள். 5:20இல் நேபுகாத்நேச்சாருடைய இருதயம் உயர்ந்தது, ரூவாக் கடினப்பட்டது. இருதயத்தோடு இணையாக வருவதால் இது மனிதனின் உள்நிலை. 7:15இல் தானியேலின் ரூவாக் கலங்குகிறது. தமிழில் 'தேகத்தினுள்' என்று இருக்கும் இடத்தில் மூலத்தில் நிற்பது 'உறையின் நடுவே'. உறைக்குள் கத்தி போல உடலுக்குள் ரூவாக். இந்த ஒரு சொல்லுக்காகவே இந்த வசனத்தை மூலத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது, பேசுவது யார் என்று பாருங்கள். 4:8, 4:9, 4:18 மூன்றிலும் 'பரிசுத்த தேவர்களின் ஆவி' என்கிறவன் பாபிலோன் ராஜா. 5:11இல் அதையே சொல்கிறவள் ராஜாத்தி. 5:14இல் பெல்ஷாத்சார் சொல்லும்போது 'பரிசுத்த' என்ற அடைமொழியே மூலத்தில் இல்லை. பல தெய்வங்களை வணங்குகிறவர்கள் தங்கள் வாயால் சொல்லும் சொற்றொடர் இது. இதை எடுத்து நேராகப் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய உபதேசத்துக்கு ஆதாரமாக வைப்பது அவசரம். 5:12இலும் 6:3இலும் வருவது 'ரூவாக் யத்தீரா', விசேஷித்த ஆவி. தானியேலின் சிறப்பான திறமையைச் சொல்கிறது.

வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எபிரெயத்தில் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்ட முன்னால் 'ஹ' சேரும்: ஹா-ரூவாக். அராமியத்தில் சொல்லின் பின்னால் 'ஆ' சேரும்: ரூஹா. 2:35இல் இருப்பது இந்த வடிவம்தான். முன்னொட்டைத் தேடிக்கொண்டிருந்தால் அராமியத்தில் அது கிடைக்காது.

5. எபிரெயப் பட்டியலை அக்கம்பக்கச் சொற்களை வைத்து அடுக்குங்கள்

378 இடங்களையும் ஒவ்வொன்றாக ஆழமாகப் பார்க்க வேண்டியதில்லை. நோட்டில் எழுதிய வினையையும் ஒட்டிய சொல்லையும் வைத்துக் கட்டுகளாகப் பிரியுங்கள். பெரும்பாலானவை தாமாகவே ஒரு கட்டில் போய் விழும்.

காற்று எளிது. திசைப்பெயர் ஒட்டியிருந்தால் காற்றுதான். யாத்திராகமம் 10:13இல் வெட்டுக்கிளிகளைக் கொண்டுவந்தது கீழ்காற்று, 14:21இல் கடலை ஒதுக்கியதும் கீழ்காற்று. ஆதியாகமம் 3:8ஐ மட்டும் தனியாகக் குறியுங்கள். 'பகலில் குளிர்ச்சியான வேளையிலே' என்ற தமிழில் காற்றே இல்லை, மூலத்தில் 'பகலின் ரூவாக்கில்' என்று இருக்கிறது. தமிழில் மட்டும் தேடுபவருக்கு இந்த இடம் அகப்படவே அகப்படாது.

திசை அல்லது பக்கம் சின்னக் கட்டு. எசேக்கியேல் 42:16 முதல் 20 வரை ஆலயத்தின் நான்கு புறங்களை அளக்கும்போது ஒவ்வொரு புறமும் ரூவாக். தானியேல் 8:8இல் நான்கு கொம்புகள் வானத்தின் நான்கு ரூவாக்குக்கு நேராக முளைக்கின்றன. இதைச் சற்றுமுன் பார்த்த 7:2இன் பக்கத்தில் வையுங்கள். சொற்றொடர் ஒன்றுதான், ஒன்று அராமியம், மற்றது எபிரெயம். 7:2இல் கடலைக் கலக்குவதால் காற்று, 8:8இல் கொம்பு முளைக்கும் போக்கைச் சொல்வதால் திசை. பொருளைத் தீர்மானித்தது மொழி அல்ல, வினை.

உயிர்மூச்சு. ஆதியாகமம் 6:17இல் 'ரூவாக் ஹய்யீம்', ஜீவசுவாசம். பிரசங்கி 12:7இல் மண் பூமிக்குத் திரும்பும்போது ரூவாக் தன்னைத் தந்த தேவனிடம் திரும்புகிறது.

மனநிலைக் கட்டில்தான் நேரம் செலவாகும், செலவழியுங்கள். எபிரெயர் ரூவாக்குக்கு நீளமும் உயரமும் வைத்துப் பேசினார்கள். யாத்திராகமம் 6:9இல் இஸ்ரவேலர் மோசேக்குச் செவிகொடுக்காததற்குக் காரணம் 'மனமடிவு' என்று தமிழ் சொல்கிறது. மூலத்தில் 'ரூவாக்கின் குறுகல்'. பிரசங்கி 7:8இல் 'பெருமையுள்ளவன்' உயர்ந்த ரூவாக் உடையவன், 'பொறுமையுள்ளவன்' நீண்ட ரூவாக் உடையவன். அடுத்த வசனத்தில் 'உன் மனதில் சீக்கிரமாய்க் கோபங்கொள்ளாதே' என்பதிலுள்ள மனமும் ரூவாக்தான். இரண்டு வசனங்களில் மூன்று முறை வந்தும், பழைய திருப்புதலில் 'ஆவி' என்ற சொல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல மொழிபெயர்ப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குத் தமிழ் வரி மட்டும் போதாது.

ஒரே சொற்றொடர் இரண்டு இடங்களில் வந்தால் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சொப்பனம் கண்ட பார்வோனின் 'மனம்' கலங்கியது என்று ஆதியாகமம் 41:8இல் வாசிக்கிறோம். சொப்பனம் கண்ட நேபுகாத்நேச்சாரின் 'ஆவி' கலங்கியது என்று தானியேல் 2:1இல் வாசிக்கிறோம். எபிரெயத்தில் இரண்டிலும் அதே வினைவேர், அதே ரூவாக். மேலும் போனால், யோசேப்பைப் பற்றிப் பார்வோன் தன் ஊழியக்காரரிடம் 'தேவ ஆவியைப் பெற்ற மனுஷன்' என்கிறான் (41:38). நாம் அராமியத்தில் பார்த்த 'பரிசுத்த தேவர்களின் ஆவி' அதை அப்படியே எதிரொலிக்கிறது. இரண்டு பட்டியல்களையும் பிரித்து வைத்தவருக்குத்தான் அவை சந்திக்கும் இடம் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக, தேவனுடைய ரூவாக். 'கர்த்தருடைய', 'தேவனுடைய' என்ற உடைமைச் சொல் ஒட்டியிருக்கும். 'பரிசுத்த' என்ற அடைமொழியோடு எபிரெயத்தில் வருவது மூன்றே இடங்களில்: சங்கீதம் 51:11, ஏசாயா 63:10, 63:11. இந்தக் கட்டைக் கடைசியாக வைக்கக் காரணம் உண்டு. முதலில் இதைத் தொட்டவர்கள் மற்ற எல்லாக் கட்டுகளையும் இதன் நிறத்தில்தான் பார்க்கிறார்கள்.

6. பாலை இலக்கணமாக மட்டும் பாருங்கள்

ரூவாக் பெரும்பாலும் பெண்பால். ஆதியாகமம் 1:2இல் 'அசைவாடிக்கொண்டிருந்தார்' என்ற இடத்தில் எபிரெய வினை பெண்பால் வடிவில் இருக்கிறது. 'ஆவியானவர்' என்ற மரியாதைப் பன்மை தமிழ் மொழிபெயர்ப்பாளரின் தேர்வு.

நமக்கு இது தடுக்கும் இடம். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. உயர்திணையா அஃறிணையா என்று பார்த்துத்தான் வினைமுற்று வரும். எபிரெயத்தில் பால் சொல்லைப் பொறுத்தது. மேசைக்கும் ஊருக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு. எனவே பெண்பால் வினையை வைத்து 'ஆவியானவர் பெண்' என்று முடிவு கட்டுவதும் தவறு, அதற்குப் பயந்து இந்த விவரத்தை மறைப்பதும் தவறு.

1 இராஜாக்கள் 19:11ஐ எடுத்துப் பாருங்கள். எலியாவின் முன் வீசிய காற்றுக்கு 'பெரிய' என்ற அடைமொழி பெண்பாலிலும் 'பலத்த' என்பது ஆண்பாலிலும் வருகின்றன. ஒரே தொடரில் இரண்டும்.

7. தமிழிலிருந்து மூலத்துக்குத் திரும்பிப் போய்ச் சோதியுங்கள்

இதுவரை மூலத்திலிருந்து தமிழுக்கு வந்தோம். இப்போது எதிர்த்திசையில் போங்கள். தமிழில் 'ஆவி' என்று இருக்கும் எல்லா இடத்திலும் ரூவாக் இருக்கிறதா?

இல்லை. நீதிமொழிகள் 20:27இல் 'மனுஷனுடைய ஆவி கர்த்தர் தந்த தீபம்' என்பதில் இருப்பது 'நெஷாமா' என்ற வேறு சொல். ஆதியாகமம் 2:7இன் 'ஜீவசுவாசம்' அதே நெஷாமா, 6:17இன் 'ஜீவசுவாசம்' ரூவாக். தமிழில் ஒன்று, மூலத்தில் இரண்டு. அராமியத்திலும் இப்படியே: தானியேல் 5:23இல் ராஜாவின் 'சுவாசம்' ரூவாக் அல்ல, நெஷாமாவுக்கு இணையான அராமியச் சொல்.

'சஞ்சலம்' என்ற சொல்லிலும் கவனம். தானியேல் 7:15இலும் பிரசங்கி 1:14இலும் தமிழில் அது வருகிறது, இரண்டிலும் ரூவாக்கும் இருக்கிறது. ஆனால் தானியேலில் கலங்குவது அவருடைய ரூவாக். பிரசங்கியில் இருப்பது 'ரெஊத் ரூவாக்', காற்றைத் துரத்துவது என்று பலரும் எடுத்துக்கொள்ளும் தொடர். திருவிவிலியம் காற்றைப் பிடிக்க முயல்வதாகவே அதைத் தருகிறது. பிடிபடாததைப் பிடிக்க ஓடும் அந்தப் படம், பிரசங்கியின் வாதத்துக்கு உயிர் என்றே நினைக்கிறேன்.

8. இப்போது அகராதியைத் திறங்கள்

உங்கள் கட்டுகளை அகராதியின் பிரிவுகளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில் மறுபடி வசனத்துக்குப் போங்கள். பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதியில் அராமியம் பின்பக்கத்தில் தனிப் பகுதியாக இருக்கிறது. எபிரெயப் பகுதியை மட்டும் வாசித்து மூடிவிடாதீர்கள்.

அகராதி தரும் எல்லாப் பொருளையும் ஒரே வசனத்தில் கொட்டுவதுதான் மேடைகளில் அதிகம் கேட்கும் தவறு. 'ரூவாக் என்றால் காற்று, மூச்சு, ஆவி, மனம். ஆகவே இந்த வசனத்தில் இவை நான்கும்' என்கிறார்கள். ஒரு வசனத்தில் பேசுபவர் வழக்கமாக ஒரு பொருளில்தான் பேசுகிறார்.

வேரைப் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். வாசனையைக் குறிக்கும் 'ரேயாக்' இதற்கு உறவாகத் தெரியும் சொல். அதனால் ரூவாக் வரும் இடமெல்லாம் வாசனை வீசுகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பகுதியே இரண்டையும் அருகருகே வைத்தால் தாராளமாகச் சொல்லலாம். ஏசாயா 11:2இல் ரூவாக் நான்கு முறை வருகிறது, அடுத்த வசனத்திலேயே 'உகந்த வாசனை' வருகிறது. 1 சாமுவேல் 16:23இலும் சவுலுக்கு 'ராவாக்' (ஆறுதல்) உண்டாகி, பொல்லாத ரூவாக் நீங்குகிறது. எழுதியவர் ஒலியைக் காதில் வைத்து எழுதியிருக்கிறார்.

தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'ரூஹ்' என்ற அரபுச் சொல் இதற்கு உறவு. நினைவில் வைக்க உதவும். ஆனால் அரபியில் காற்றுக்கு 'ரீஹ்' என்று தனிச்சொல் இருக்கிறது, எபிரெயத்தில் அந்தப் பிரிவு இல்லை. உறவுமொழியின் பொருளை இங்கே இறக்கிவிடாதீர்கள்.

9. தீராத இடங்களைத் தீராததாகவே எழுதுங்கள்

சில வசனங்கள் எந்தக் கட்டிலும் முழுதாக அடங்காது.

பிரசங்கி 11:4இல் 'காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான்'. அடுத்த வசனத்தில் 'ஆவியின் வழி'. இரண்டும் ரூவாக். இரண்டாவதும் காற்றுதானா, அல்லது கர்ப்பத்தில் எலும்புகளுக்குள் வரும் உயிரா? முந்திய வசனம் ஒருபக்கம் இழுக்கிறது, அதே வசனத்தின் பிற்பகுதி மறுபக்கம் இழுக்கிறது. இரண்டையும் எழுதி வையுங்கள்.

எசேக்கியேல் 37இன் முதல் 14 வசனங்களில் ரூவாக் 10 முறை வருகிறது. தீர்க்கதரிசியைக் கொண்டுபோகும் கர்த்தருடைய ஆவி, எலும்புகளுக்குள் புகும் மூச்சு, நான்கு திசைக் காற்று எல்லாம் அங்கே உண்டு. இங்கே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்தான் அந்தப் பகுதியின் பலமே இருக்கிறது. ஒரு வசனத்துக்கு ஒரு பொருள் என்று முன் படியில் சொன்னதை இங்கே தளர்த்தலாம். அதற்கான ஆதாரத்தை அந்தப் பகுதியே தருகிறது.

ஆதியாகமம் 1:2ஐ நமது இரண்டு மொழிபெயர்ப்புகளும் 'ஆவி' என்கின்றன. ஒங்கெலோஸ் என்ற தர்கூமோ (தர்கூம் என்பது எபிரெய வேதத்தின் பழைய யூத அராமிய மொழிபெயர்ப்பு), கர்த்தருடைய சந்நிதியிலிருந்து வந்த ரூஹா தண்ணீரின்மேல் வீசியது என்கிறது. 'வீசியது' என்ற வினை காற்றுக்கு உரியது. யூத வாசகர்கள் ஒருசாரார் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு இது சாட்சி. தர்கூமின் அராமியம் தானியேலின் அராமியத்துக்குப் பிற்பட்டது என்பதால், உங்கள் 11 இடங்களோடு இதைச் சேர்க்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

10. ஆறாவது கட்டத்தை நிரப்புங்கள்

இப்போதுதான் பொருள் எழுத வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வரி: என்ன பொருள், எதனால். 'தானியேல் 2:35, காற்று, பதரை அடித்துக்கொண்டு போவதால்' என்ற அளவு போதும். 'எதனால்' என்பதை எழுத முடியவில்லை என்றால் அந்த வசனத்தில் நீங்கள் இன்னும் ஊகிக்கிறீர்கள். பென்சிலால் எழுதி விடுங்கள்.

மேடையில் பேசுபவர்கள் கட்டுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டியதில்லை. எடுத்துக்கொண்ட பகுதியில் உள்ள பொருளையும் அதற்கான ஒரு காரணத்தையும் சொன்னால், கேட்பவர் வீட்டில் தம் வேதாகமத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்வார். அடுத்த சொல்லாக நெஷாமாவை எடுங்கள். எபிரெயப் பட்டியல் சிறியது, அராமியத்தில் தானியேல் 5:23 ஒன்றே, நோட்டில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.